தரையடுப்பு போடப் பழகுகிறவர்களுக்கு

1. முதலில் தரையைப் பாருங்கள், அடுப்பின் உருவத்தைப் பிறகு யோசிக்கலாம். ஈரம் ஏறும் தரையில் போட்ட அடுப்பு எத்தனை விறகு தின்றாலும் உலை சீக்கிரம் கொதிக்காது. சூட்டைத் தரையே குடித்துவிடும். அக்கினி மூலை என்று தென்கிழக்கைச் சொல்வார்கள். அது காய்ந்திருந்தால் அங்கேயே போடுங்கள். மழைக்காலத்தில் ஓதம் ஏறும் மூலையென்றால் தயங்காமல் வேறிடம் பாருங்கள்.

2. இப்போது பல வீடுகளில் சிமென்ட் தரை, இல்லையென்றால் டைல்ஸ். அதன்மேல் நேராக மண்ணை அப்பாதீர்கள். சூடு ஏற ஏறச் சிமென்ட் பொரிந்து கிளம்பும், டைல்ஸ் வெடிக்கும். காய்ந்த ஆற்றுமணலை இரண்டு விரல் கனத்துக்குப் பரப்பி, அதன்மேல் செங்கல்லைப் படுக்கையாக நெருக்கி அடுக்குங்கள். ஓரக்கல்லை மட்டும் மண்சாந்தில் பதித்தால் மணல் சரியாது. நடுக்கல் இடுக்குகளில் மணலே போதும், சூட்டில் கல் விரிய இடம் வேண்டுமே. அடுப்பின் அகலத்தோடு இந்தப் படுக்கையை நிறுத்திவிடாதீர்கள். வாய்க்கு முன்னால் ஒன்றரை அடியாவது நீளட்டும். கொள்ளி சரிவதும் கங்கு தெறிப்பதும் அங்கேதான்.

3. புற்றுமண் கிடைத்தால் நல்லது. வெறும் களிமண் காயும்போது சுருங்கிப் பிளக்கும், அதற்கு மணல் கலக்க வேண்டும். ஓர் உருண்டை பிடித்து நிழலில் காயவைத்துப் பாருங்கள். பிளந்தால் மணல் கூட்டுங்கள், உதிர்ந்தால் களி கூட்டுங்கள். நறுக்கிய வைக்கோலும் நெல் உமியும் சேர்த்து ஊறவிட்டு மறுநாள் நன்றாக மிதியுங்கள். வைக்கோல் வெடிப்பைத் தடுக்கும். உமி, தீ படும் பக்கத்தில் எரிந்துபோய்ப் பொடிப்பொடித் துளைகளை விட்டுச் செல்லும். அவற்றில் தங்கும் காற்றுதான் சூட்டைச் சுவருக்குள் ஓடவிடாமல் நிறுத்துகிறது. சுவர் கனத்தால் சூடு நிற்கும் என்று பலர் நம்புகிறார்கள். கனத்த மண்சுவர் பானைக்குப் போக வேண்டிய சூட்டைத் தானே வாங்கிக்கொள்ளும். நான்கு விரல் கனம் போதும்.

4. பாத்திரம் உட்காரும் குமிழ் மூன்று, ஒரு விரல் உயரம். கூடினால் தீ பாத்திரத்தை விட்டு வெளியே ஓடும். குறைந்தால் மூச்சுத் திணறிக் கரி அப்பும்.

5. கொடியடுப்பையும் சேர்த்தே போடுங்கள். முன்னடுப்பில் சோறு வேகும்போதே பின்னால் குழம்பு கொதித்துவிடும். அதற்கும் பின்னால் புகைபோக்கி கட்டாயம் வேண்டும். ஹைதராபாத் பொறியியல் ஆய்வுக்கூடத்தில் எஸ்.பி. ராஜு என்பவர் 1950களிலேயே ஏழை வீடுகளுக்கென்று புகைபோக்கி வைத்த மண்ணடுப்பை வடிவமைத்தார். இன்னமும் பெண்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு சமைப்பதைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை. ஓலைக் கூரையென்றால் குழாயைக் கூரை வழியாகக் கொண்டுபோகாதீர்கள். சுவர் வழியாக வெளியே எடுத்து, ஓலையிலிருந்து நன்றாகத் தள்ளி உயர்த்துங்கள்.

6. நிழலில் காயட்டும். பத்து நாள் ஆனாலும் அவசரப்படாதீர்கள். மெல்லிய வெடிப்பு விழுந்தால் சாணமும் மண்ணும் குழைத்துத் தேய்த்து மெழுகுங்கள். முதலில் சில நாள் சுள்ளி வைத்துச் சிறுதீ மட்டும். உள்ளே ஈரம் இருக்கும்போது பெருந்தீ மூட்டினால் ஆவி சுவரைப் பிளந்துவிடும்.

7. தவழும் பிள்ளை இருக்கும் வீட்டில் செங்கல் படுக்கையைச் சுற்றித் தடுப்பு வையுங்கள், தரையடுப்பு பிள்ளையின் கைக்கு எட்டும் உயரம். சமையல் முடிந்ததும் கொள்ளியை வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்து அணையுங்கள். சாம்பலுக்குள் கங்கு மறுநாள் காலைவரைகூட அணையாமல் கிடக்கும். அள்ளிய சாம்பலை பிளாஸ்டிக் வாளியில் கொட்டாதீர்கள். மண்சட்டியிலோ தகர டப்பாவிலோ போட்டு வெளியே வையுங்கள்.