எந்த வழியாகச் செல்வது?

தேக்கா வட்டாரத்தில் வசிக்கும் மூதாட்டி ஒருவருக்குக் கண்ணில் புரை வளர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். பேத்தி கைப்பேசியை எடுத்து, மெடிஷீல்ட் லைஃப் காப்புறுதியை ஏற்கும் கண் மருத்துவர் யார் என்று தேடுகிறாள். கேள்வி நியாயமானதுதான். ஆனால், சிங்கப்பூரில் மருத்துவரின் பெயரைவிட, அவரிடம் எந்த வழியாகச் சென்றோம் என்பதே கட்டணத்தைப் பெரிதும் முடிவுசெய்கிறது.

மெடிஷீல்ட் லைஃப் 2015ஆம் ஆண்டு நவம்பர் மாதம் நடப்புக்கு வந்தது. 1990இல் தொடங்கிய பழைய மெடிஷீல்ட் திட்டம், ஏற்கெனவே நோயுற்றிருந்த பலரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. புதிய திட்டமோ குடிமக்கள், நிரந்தரவாசிகள் அனைவரையும் வாழ்நாள் முழுவதும் உள்ளடக்குகிறது. அதற்கான சந்தாவை மெடிசேவ் சேமிப்பிலிருந்தே செலுத்தலாம். பொது மருத்துவமனைகளில் இந்தக் காப்புறுதி செல்லும். தனியார் துறையில் மட்டும், மருத்துவரும் மருத்துவமனையும் இத்திட்டத்தில் அங்கீகாரம் பெற்றவர்களா என்று கேட்டுக்கொள்வது நல்லது. சளி, காய்ச்சலுக்கு மருந்தகம் செல்வதற்கு இது பயன்படாது. மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சை, ஒருநாள் அறுவை சிகிச்சை, சிறுநீரகச் சுத்திகரிப்பு போன்ற பெருஞ்செலவுகளுக்கே இது உரியது.

மூதாட்டியின் முதல் படி பலதுறை மருந்தகம். சிராங்கூன் சாலையிலேயே காலாங் பலதுறை மருந்தகம் இருக்கிறது. அங்குள்ள மருத்துவர் கண்ணைச் சோதித்து, தேவையானால் பொது மருத்துவமனையின் சிறப்பு மருத்துவருக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதுவார். அந்தக் கடிதத்தோடு செல்பவர் மானியம் பெறும் நோயாளி. கடிதம் இல்லாமல் நேரடியாகச் சென்றாலோ, குறிப்பிட்ட மருத்துவர்தான் வேண்டும் என்று கேட்டாலோ, அவர் தனியார் நோயாளியாகக் கருதப்படுவார். ஒரே கட்டடம், ஒரே சிகிச்சை. ஆனால் கட்டணச் சீட்டு வேறு. பின்னர் மானியப் பிரிவுக்கு மாற விரும்பினால், விண்ணப்பம் செய்து காத்திருக்க வேண்டும். முதல் நாள் எடுக்கும் முடிவு அவ்வளவு முக்கியமானது.

மானியத்திற்கும் ஒரு விலை உண்டு. சந்திப்பு நாள் கிடைக்கச் சில வாரங்களோ மாதங்களோ ஆகலாம். மருத்துவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் இல்லை. பார்வை மங்கிவரும் ஒருவருக்கு அந்தக் காத்திருப்பு எளிதன்று. வலியோ திடீர்ப் பார்வையிழப்போ ஏற்பட்டால் கடிதத்திற்காகக் காத்திருக்கக் கூடாது. அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு உடனே செல்லலாம்.

மருத்துவமனையில் தங்க நேர்ந்தால் வார்டு வகுப்பும் கணக்கில் வரும். மெடிஷீல்ட் லைஃப் தரும் தொகை, மானியம் மிகுந்த பி2, சி வகுப்புகளின் கட்டணத்தை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டது. ஏ வகுப்பையோ தனியார் மருத்துவமனையையோ நாடுபவர்களுக்கும் காப்புறுதி உண்டு. ஆயினும், கட்டணத்தில் ஒரு பகுதியை மட்டுமே அது கணக்கில் எடுத்துக்கொள்ளும். எந்த வகுப்பாக இருந்தாலும் தொடக்கத் தொகை ஒன்றை நோயாளி ஏற்க வேண்டும். மிச்சத்திலும் ஒரு பங்கு அவருடையது. மெடிசேவ் பெரும்பாலும் இங்கே கைகொடுக்கும். அதுவும் போதாதவர்கள் மருத்துவமனையிலுள்ள மருத்துவச் சமூக சேவகரைப் பார்க்கலாம். 1993இல் அமைக்கப்பட்ட மெடிஃபண்ட் நிதி அவர்களுக்காகவே உள்ளது. உதவி கேட்கக் கூச்சப்பட்டு, சிகிச்சையையே தள்ளிப்போடும் முதியவர்களும் இருக்கிறார்கள். அவர்களோடு துணைக்குச் சென்று தமிழில் விளக்கப் பேரப்பிள்ளை ஒருவர் இருந்தால் பாதிக் கவலை தீரும்.

ஏழைகளுக்கான மருத்துவம் இத்தீவில் புதிதன்று. இன்று நொவீனாவில் இருக்கும் டான் டோக் செங் மருத்துவமனை, 1844இல் வணிகர் ஒருவரின் நன்கொடையால் ஏழை நோயாளிகளுக்காகத் தொடங்கப்பட்டதுதான். அவர் பெயரையே அது தாங்கி நிற்கிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் தேக்காவில் கூடும் வெளிநாட்டு ஊழியர்களின் நிலை வேறு. அவர்களுக்கு மெடிஷீல்ட் லைஃப் இல்லை, மானியமும் இல்லை. வேலை அனுமதிச் சீட்டு வைத்திருப்பவர்களுக்கு முதலாளியே மருத்துவக் காப்புறுதி வாங்க வேண்டும். ஆண்டுக்குக் குறைந்தது 15,000 வெள்ளி என்றிருந்த அந்தக் காப்புறுதித் தொகை, 2023 ஜூலை முதல் 60,000 வெள்ளியாக உயர்ந்தது. எனவே, மருத்துவமனைக்குச் செல்லும் ஊழியர் அங்கே காட்ட வேண்டிய முதல் பொருள், சட்டைப் பையிலிருக்கும் அந்த அனுமதி அட்டைதான்.