ராஜபாளையமா, சிப்பிப்பாறையா? வீட்டு கேட்டைப் பார்த்து முடிவெடுங்கள்

நாட்டு நாய்தான் வேண்டும் என்று தீர்மானித்தவர்களில் பலர் கடைசியில் இந்த இரண்டு பெயர்களுக்கு நடுவே வந்து நிற்கிறார்கள். இரண்டும் தென் தமிழக ஊர்களின் பெயரைத் தாங்கியவை. கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபணு வளப் பணியகத்தின் பதிவேட்டில் இரண்டுக்கும் இடம் உண்டு. 2020 ஆகஸ்டில் பிரதமர் தன் வானொலி உரையில் இரண்டையும் பெயர் சொல்லிப் பாராட்டினார். ஆனால் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் போட்டோவைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள்: வெள்ளை உடம்பும் இளஞ்சிவப்பு மூக்கும் பிடித்தால் ராஜபாளையம், ஒட்டிய வயிறும் நீண்ட காலும் பிடித்தால் சிப்பிப்பாறை. இது தவறான தொடக்கம். ராஜபாளையம் நாயால் வரும் சிக்கல் கேட்டுக்கு உள்ளே வருகிறவர்களைப் பற்றியது; சிப்பிப்பாறையால் வரும் சிக்கல் அது கேட்டைத் தாண்டி வெளியே ஓடுவதைப் பற்றியது. இதில் எதை உங்கள் வீட்டால் சமாளிக்க முடியும் என்பதே முதல் கேள்வி.

1. பழைய வேலையைத் தெரிந்துகொள்ளுங்கள்

ராஜபாளையம் பன்றி வேட்டைக்கும் காவலுக்கும் வளர்க்கப்பட்டது. எதிரியைக் கண்டால் பின்வாங்காமல் மறித்து நிற்பது அதன் இயல்பு. வீட்டு ஆட்களிடம் உயிராக இருக்கும், அந்நியரை எளிதில் ஏற்றுக்கொள்ளாது. சிப்பிப்பாறை முயல் வேட்டைக்கு வளர்க்கப்பட்டது. மோப்பத்தைவிடக் கண்ணை நம்பும். தூரத்தில் ஏதாவது அசைந்தால் போதும், யோசிக்காமல் பாயும். இன்று முயல் வேட்டை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வேலை போய்விட்டாலும் அதற்கான வேகம் இரத்தத்தில் அப்படியே இருக்கிறது. ‘வளர்ப்பில்தான் எல்லாம் இருக்கிறது, பழக்கினால் மாறிவிடும்’ என்று சிலர் சொல்வார்கள். அதில் பாதி உண்மை. குட்டியாக இருக்கும்போது பல மனிதர்களையும் சத்தங்களையும் பழக்கினால் ராஜபாளையத்தின் சந்தேக குணம் தணியும். கூப்பிட்டால் திரும்பி வர சிப்பிப்பாறையும் கற்றுக்கொள்ளும். ஆனால் பூனை குறுக்கே ஓடும் அந்த நொடியில் உங்கள் குரல் அதன் காதில் ஏறும் என்று நம்பி, சாலையோரம் கயிற்றை அவிழ்க்க முடியாது.

2. ஒரு வாரம் கேட்டைக் கவனியுங்கள்

பால்காரர், வேலைக்கார அம்மா, கூரியர் பையன், டியூஷனுக்கு வரும் பிள்ளைகள், சொல்லாமல் வரும் உறவினர் என்று வீட்டுக்குள் வந்து போகிறவர்களை ஒரு வாரம் குறித்து வையுங்கள். ஆள் நடமாட்டம் ஓயாத வீட்டில் ராஜபாளையம் நாள் முழுக்க விறைப்பாகவே இருக்கும். அது நாய்க்கும் நல்லதல்ல, வருகிறவருக்கும் நல்லதல்ல. தோப்பு வீடு, தனி வீடு, மாறாத சில முகங்கள் என்றால் அது பொருந்தும். சிப்பிப்பாறை பெரும்பாலும் விருந்தாளியைக் கண்டு ஒதுங்கிப்போகும். ஆனால் கோழி, பூனை, முயல் வளர்க்கும் வீட்டுக்கு அது சரிவராது. தாழ்ந்த சுவரும் சரிவராது, ஆறடிச் சுவராவது வேண்டும். ‘காவலுக்குத்தானே, கட்டிப்போட்டு வளர்க்கலாம்’ என்று நினைத்தால் இரண்டையுமே வாங்காதீர்கள். எப்போதும் சங்கிலியில் கட்டிவைத்து, நடக்கவிடாமல் நாய் வளர்ப்பதை 1960 விலங்கு வதைத் தடுப்புச் சட்டமே குற்றம் என்கிறது. ஓயாமல் கட்டிக்கிடக்கும் நாய்க்கு வளர்வது காவல் புத்தி அல்ல, பயமும் மூர்க்கமும்தான்.

3. குட்டியை நேரில் சோதியுங்கள்

வெள்ளை நிறத்துக்கும் காது கேளாமைக்கும் தொடர்பு உண்டு. நிறமி செல்கள் உள்காதில் இல்லாவிட்டால், பிறந்த சில வாரங்களில் கேட்கும் திறன் போய்விடும். ராஜபாளையம் குட்டிகளில் இது கவனிக்க வேண்டிய குறை. சோதிக்கும்போது மற்ற குட்டிகளிடமிருந்து அதைப் பிரித்துவிடுங்கள். இல்லாவிட்டால் மற்றவை திரும்புவதைப் பார்த்து இதுவும் திரும்பும். அதன் கண்ணில் படாமல் பின்னால் நின்று சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். தரையைத் தட்டாதீர்கள், அதிர்வு காட்டிக்கொடுத்துவிடும். ஒரு காது மட்டும் கேட்காத குட்டி இதில் தப்பிவிடலாம் என்பதால், சந்தேகம் இருந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். எந்த இனமானாலும் தாய் நாயைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்பது நாய் இனப்பெருக்கம், விற்பனை குறித்த 2017 விதிகளுக்கு விரோதம்.

4. பராமரிப்புச் செலவைக் கணக்கிடுங்கள்

‘நாட்டு நாய்க்குச் செலவே இல்லை’ என்பது பாதி உண்மை. குட்டை முடி என்பதால் நம் வெயிலை இரண்டும் நன்றாகவே தாங்கும். ஆனால் பார்வோவும் வெறிநோயும் இனம் பார்த்து வருவதில்லை; தடுப்பூசி, குடற்புழு மருந்து, உண்ணி ஒழிப்பு எல்லாம் கட்டாயம். ராஜபாளையத்தின் இளஞ்சிவப்பு மூக்கும் தோலும் உச்சி வெயிலில் எரியும், நிழல் வேண்டும். சிப்பிப்பாறைக்குக் கடைசி விலா எலும்புகள் லேசாகத் தெரிவது ஆரோக்கியம். இளைத்துவிட்டதென்று சோற்றைக் கொட்டாதீர்கள். அதன் தலை கழுத்தைவிட ஒடுக்கம் என்பதால் சாதாரணக் கழுத்துப் பட்டை உருவிக்கொண்டுவிடும். இழுத்தால் அளவோடு இறுகும் அகலப் பட்டை வாங்குங்கள். கிரேஹவுண்ட் போன்ற ஓட்ட நாய்கள் சில மயக்க மருந்துகளிலிருந்து மெதுவாகவே தெளியும். அதனால் கருத்தடை அறுவைக்கு முன் சிப்பிப்பாறையும் அந்த வகைதான் என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

5. முடிவெடுக்கும் முன் ஒத்திகை

நடமாட்டம் குறைந்த, உறுதியான மனிதர் ஒருவர் பொறுப்பேற்கும் வீட்டுக்கு ராஜபாளையம். உயரமான சுவரும் தினமும் ஓடவிட வேலியிட்ட இடமும் உள்ள, சிறு பிராணிகள் இல்லாத வீட்டுக்கு சிப்பிப்பாறை. இரண்டு வரியிலும் உங்கள் வீடு அடங்காவிட்டால், இந்த நாய்களின் மேல் உள்ள ஆசையை மதித்தே அவற்றை விட்டுவிடுவது நல்லது. பொருந்தாத வீட்டில் சேர்ந்த நாய் தெருவுக்குத் துரத்தப்படுவதைவிட அது எவ்வளவோ மேல். அடங்குகிறது என்றால், முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரு வாரம் நாய் இல்லாமலேயே ஒத்திகை பாருங்கள்: காலை ஐந்தரைக்கு எழுந்து ஒரு மணி நேரம், மாலையில் மீண்டும் ஒரு மணி நேரம் நடங்கள். அந்த ஏழு நாளையும் வீட்டில் யாராவது ஒருவர் விடாமல் முடித்தால், குட்டியைப் பார்க்கப் புறப்படலாம்.