கொசஸ்தலை ஆற்றில் பாய்ம இயல்

குடத்தில் ஊற்றினால் குடத்தின் வடிவம், சொம்பில் ஊற்றினால் சொம்பின் வடிவம் என்று, தனக்கென ஒரு வடிவம் இல்லாதவை திரவமும் வாயுவும். இரண்டையும் சேர்த்துப் பாய்மம் என்கிறோம். மேசையைப் பக்கவாட்டில் மெல்லத் தள்ளினால் அது எதிர்த்து நிற்கும். பாய்மம் அப்படி நிற்பதில்லை; எவ்வளவு சிறிய விசையானாலும் நழுவி ஓடிவிடும். இதன் குணங்களைப் பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் பள்ளிப்பட்டைச் சுற்றியே தேடிப் பார்த்தோம்.

முதலில் பாகுநிலை. ஓடும் திரவத்தின் ஓர் அடுக்கு, பக்கத்து அடுக்கைப் பிடித்து இழுப்பதே இது. ஆமணக்கெண்ணெயின் பாகுநிலை தண்ணீரைப்போல் ஏறக்குறைய 1000 மடங்கு! எங்கள் வட்டார நெசவாளர் பாவு நூலுக்குக் கஞ்சி போடும்போது கவனிப்பதும் இதைத்தான். கஞ்சி மிகக் கெட்டியானால் நூலுக்குள் இறங்காது; நீர்த்துப் போனால் நூலில் தங்காது. சூடு ஏற ஏறக் கஞ்சி இளகும். பதம் பார்க்கும் பாட்டிமார்களுக்குப் பாகுநிலை என்ற சொல் தெரியாவிட்டாலும் பொருள் நன்றாகவே தெரியும்.

குளத்து நீரின்மேல் கால் நனையாமல் ஓடும் பூச்சியைத் தாங்குவது பரப்பு இழுவிசை. சோப்பு கரைத்தால் இது வெகுவாகக் குறையும். அதனால்தான் சோப்பு நீர் துணியின் இழைகளுக்குள் எளிதில் புகுகிறது.

அழுத்தம் ஆழத்தைப் பொறுத்தது. ஏரியின் அகலத்தைப் பொறுத்ததன்று. நம் ஆற்று நீர் சென்று சேரும் பூண்டி நீர்த்தேக்கம் 1944-இல் கட்டி முடிக்கப்பட்டது. அதன் முழு உயரம் 35 அடி. அந்த ஆழத்தில் நீரின் அழுத்தம் மட்டுமே ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தத்துக்குச் சமம். அணைக்கட்டுகளின் அடிப்பாகத்தை அகலமாகக் கட்டுவது இதனால்தான். பூண்டியிலுள்ள நீரியல் ஆய்வு நிறுவனத்தில் அணைகளைச் சிறிய மாதிரிகளாகக் கட்டிச் சோதிக்கிறார்கள். அணையைச் சிறிதாக்கலாம், ஆனால் நீரின் பாகுநிலையும் பரப்பு இழுவிசையும் சிறிதாவதில்லையே! மாதிரி மிகச் சிறியதாக இருந்தால் கணக்குத் தவறிவிடும்.

இனி அடர்த்தி. தண்ணீரின் அடர்த்தி கன மீட்டருக்கு 1000 கிலோகிராம். இது வெறும் மனப்பாட எண் என்று எண்ணிவிடாதீர்கள். மழைக்காலத்தில் ஆந்திராவின் கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்தால் இங்கே தரைப்பாலங்களின்மேல் வெள்ளம் ஓடும். அக்கரைத் தோழியர் அன்று பள்ளிக்கு வர இயலாது. "முழங்கால் தண்ணீர்தானே, ஏன் தடுக்கிறார்கள்?" என்று அவர்கள் கேட்பதுண்டு. கணக்கிட்டுப் பார்ப்போம்.

வெள்ளம் நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் ஓடுவதாகக் கொள்வோம். அடர்த்தியில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால், ஒரு சதுர மீட்டருக்கு 2000 நியூட்டன் விசை. பாவாடையோடு சேர்த்து இரு கால்களும் நீருக்குக் காட்டும் பரப்பு சுமார் 0.12 சதுர மீட்டர். ஆக 240 நியூட்டன், அதாவது ஏறக்குறைய 24 கிலோ எடை நம்மைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. நம்மில் ஒருத்தியின் எடை 40 கிலோ என்றால், ஆர்க்கிமிடிஸ் தத்துவப்படி நீர் நாலைந்து கிலோவைத் தாங்கிக்கொள்ளும். மீதி 35 கிலோதான் தரையை அழுத்துகிறது. பாசி பிடித்த தளத்தில் உராய்வு அதில் பாதிகூட வராது. 24-க்கு எதிராகப் பதினேழு! கால் வழுக்கியே தீரும். வேகம் 3 மீட்டரானால் தள்ளும் விசை 54 கிலோவாகிறது. ஒன்றரை மடங்கு வேகத்துக்கு இரண்டேகால் மடங்கு விசை. சேறு கலந்த வெள்ளத்தின் அடர்த்தி இன்னும் சற்று அதிகம்.

அதே 2 மீட்டர் வேகத்தில் காற்று வீசினால் என்ன ஆகும்? காற்றும் பாய்மமே. ஆனால் அதன் அடர்த்தி கன மீட்டருக்கு 1.2 கிலோகிராம்தான். நம் கால்களில் படும் விசை 30 கிராம் எடைக்குச் சமம். தாவணி நுனி கொஞ்சம் அசையும், அவ்வளவே.