மில் கொட்டகையில் நிற்கும் பென்ஸ் லாரி

கேள்வி: பாபநாசம் பக்கம் எங்களுக்கு ஒரு புழுங்கல் அரிசி மில் இருந்தது. தாத்தா 1966-ல் வாங்கிய டாடா மெர்சிடிஸ் பென்ஸ் லாரி இன்னும் அந்தக் கொட்டகையில்தான் நிற்கிறது. 1997 வரை நெல்லும் அரிசியும் தவிடும் ஏற்றியது. அதன் பிறகு யாரும் கிளப்பவில்லை. முன்னால் மூன்று முனை நட்சத்திரம் அப்படியே இருக்கிறது. என்ஜின் ஜாம் ஆகிவிட்டது. அப்பாவும் இப்போது இல்லை, ஆர்.சி. புத்தகம் தாத்தா பெயரிலேயே கிடக்கிறது. பழைய இரும்புக் கடைக்காரர் எடைக்கு விலை சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். சித்தப்பாவோ, "வேற என்ஜினும் பவர் ஸ்டியரிங்கும் போட்டா, தை மாசம் சம்பா அறுப்புக்குக் கொள்முதல் நிலையத்துல லோடு அடிக்கலாம்" என்கிறார். எனக்கு அதைப் பழைய கோலத்திலேயே ஓட வைத்துப் பார்க்க ஆசை. முடியுமா ஐயா? எங்கிருந்து தொடங்குவது?

– வாசகி, பாபநாசம் வட்டம்

பதில்: முடியும். எடைக்குப் போடாதீர்கள். கொள்முதல் நிலையத்துக்கும் ஓட்டாதீர்கள். ஆசைப்பட்டபடியே செய்யலாம், பொறுமை வேண்டும், நினைத்ததைவிடக் கூடுதலாகப் பணமும் வேண்டும்.

உங்களிடம் இருப்பது என்ன என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். டாடாவின் டெல்கோ நிறுவனம் ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸோடு 1954-ல் கைகோத்து ஜம்ஷெட்பூரில் லாரி செய்யத் தொடங்கியது. 1969-ல் அந்த ஒப்பந்தம் முடிந்தது; நட்சத்திரம் இறங்கி டாடாவின் 'டி' எழுத்து ஏறியது. ஆகவே நட்சத்திரத்தோடு பிறந்த வண்டி என்றால் அந்தப் பதினைந்து வருடத்துக்குள் வந்தது. "நட்சத்திரத்தை மட்டும் கொடுங்கள், நல்ல விலை தருகிறேன்" என்று யாராவது வந்து நிற்பார். கழற்றிக் கொடுத்துவிடாதீர்கள்.

ஆனால் அந்த நட்சத்திரத்தைவிட அரிய பொருள் ஒன்று அதே வண்டியில் இருக்கிறது. அந்தக் காலத்தில் கம்பெனி கொடுத்தது பெரும்பாலும் சேஸும் என்ஜினும் முன்மூக்கும்தான். டிரைவர் உட்காரும் கேபினையும் பின்னால் லோடு ஏற்றும் பாடியையும் மரச்சட்டம் வைத்து, தகரம் அடித்து, நம் ஊர்ப் பக்கத்துப் பட்டறைகளில் ஆசாரிகள் கட்டினார்கள். பிஸ்டனும் பேரிங்கும் இன்றைக்கும் தேடினால் கிடைக்கும். கிடைக்காததை லேத்தில் கடைந்துகொள்ளலாம். அந்த ஆசாரியின் கைவேலையை எந்தக் கடையில் வாங்குவது? பழைய வண்டியை எடுத்துச் செய்கிறவர்கள் பெரும்பாலும் என்ஜினுக்குச் செலவழித்துவிட்டு, கேபினைப் பிய்த்தெறிந்து புதுத் தகரத்தில் கட்டிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு அது பழைய நம்பர் போட்ட புது லாரி, அவ்வளவுதான்.

இனி என்ஜின். புழுங்கல் மில் கொட்டகை என்பதால் ஒரு எச்சரிக்கை. உங்கள் மில்லில் உமிதானே எரித்தீர்கள்? உமிச் சாம்பலில் நூற்றுக்கு எண்பத்தைந்து, தொண்ணூறு பங்கு சிலிக்கா. மணலின் சரக்கு அதுதான். இத்தனை வருடத்தில் ஏர் கிளீனர், மேனிஃபோல்டு, சிலிண்டர் மேல்பகுதி என்று எங்கெல்லாம் வழி கிடைத்ததோ அங்கெல்லாம் அது போய் உட்கார்ந்திருக்கும். அப்படியே என்ஜினைச் சுழற்றினால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது போல ரிங்கும் சிலிண்டர் சுவரும் போய்விடும். போதாததற்கு எலி வேறு. எண்ணெய் ஊற்றுகிற பழைய ஏர் கிளீனர் கிண்ணத்துக்குள் நெல்லும் வைக்கோல் துரும்புமாக எலிக்கூடு இருப்பது டெல்டாவில் சகஜம். ஆகவே ஏர் கிளீனரையும் மேனிஃபோல்டையும் கழற்றி, வாக்குவம் கிளீனர் வைத்து உறிஞ்சி எடுப்பதுதான் முதல் வேலை. காற்றடித்து ஊதச் சொல்வார்கள். ஊதினால் சாம்பல் இன்னும் உள்ளேதான் போகும்.

அடுத்து ஆறு நாசிலையும் கழற்றுங்கள். ஒவ்வொரு துளையிலும் டீசலும் கியர் ஆயிலும் கலந்து கொஞ்சம் ஊற்றி, ஒரு வாரம் விடுங்கள். திரும்பவும் ஊற்றுங்கள். பிறகு முன்புறம் ஹேண்டில் கொடுத்து மெல்ல அசைத்துப் பாருங்கள்; முன்னுக்குக் கொஞ்சம், பின்னுக்குக் கொஞ்சம். அசையவில்லை என்றால் இன்னொரு வாரம். டிராக்டரில் கட்டி, கியரில் போட்டு இழுக்கலாம் என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். இழுத்தால் கனெக்டிங் ராடு வளையும், ஒட்டிக்கொண்ட வால்வு பிஸ்டனில் இடிக்கும், பிறகு நீங்கள் இரும்புக் கடைக்காரரைத்தான் கூப்பிட வேண்டியிருக்கும். கையால் இரண்டு முழுச் சுற்று தடையில்லாமல் வந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. அப்போது சம்ப்பை இறக்கி, அடியில் நிற்கும் தண்ணீரையும் கசடையும் எடுத்து, பேரிங் ஷெல்லைப் பார்த்து, புது ஆயில் ஊற்றுங்கள். என்ஜின் சுற்றுவதற்கு முன்பே எல்லாவற்றையும் அக்கக்காகக் கழற்ற விடாதீர்கள். நம் ஊரில் பழைய லாரி பட்டறையில் சாவது கழற்றிப் போட்ட பிறகுதான்.

ஃபியூயல் பம்பை நல்ல காலிபரேஷன் கடையில் கொடுங்கள். பெங்களூரின் மைக்கோ அந்தக் காலம் தொட்டுச் செய்துவந்த வரிசைப் பம்ப் வகை இது. கைப்பழக்கம் உள்ள பம்ப் மெக்கானிக்குகள் திருச்சியில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் ஒன்றை வாய் திறந்து கேளுங்கள்: "கவர்னர் டயாஃப்ரம் எப்படி இருக்கு?" அந்தக் கால என்ஜின்கள் பலவற்றில் கவர்னர் காற்றிழுப்பில் வேலை செய்யும். மேனிஃபோல்டு வாயிலிருந்து ஒரு சின்னக் குழாய் பம்புக்குப் போகும். அந்த இழுப்பில் ஒரு டயாஃப்ரம் டீசல் அளவைப் பின்னுக்கு இழுத்துப் பிடிக்கும். அது தோலில் செய்தது. இருபது, முப்பது வருடம் காய்ந்தால் அப்பளமாக நொறுங்கும். அது கிழிந்திருக்கும்போது வண்டியைக் கிளப்பினால் ஸ்பிரிங் முழு டீசலையும் தள்ளிவிடும். என்ஜின் கட்டுக்கடங்காமல் ஏறிக்கொண்டே போகும், சாவியைத் திருப்பினாலும் நிற்காது. ஆகவே முதல் தடவை கிளப்பும்போது ஏர் கிளீனரை மாட்டாமல், ரப்பர் ஒட்டிய கனத்த பலகையோடு ஒருவர் காற்று வாய்க்குப் பக்கத்திலேயே நிற்க வேண்டும். ஏறினால் உடனே வாயை அடைக்க வேண்டும். கையையோ துணியையோ வைக்கக் கூடாது, உள்ளே இழுத்துவிடும்.

ஹீட்டர் பிளக்கையும் பார்த்துவிடுங்கள். பழைய பென்ஸ் டீசல்களில் அவை பெரும்பாலும் தொடராக இணைத்திருக்கும். ஒன்று போனால் ஆறும் எரியாது. பேட்டரி செத்துப்போச்சு என்று பேட்டரி மேல் பேட்டரி வாங்கியவர்கள் உண்டு.

என்ஜின் நம்பரை ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். உழைத்த வண்டிகளில் நடுவில் என்ஜின் மாறியிருப்பது சாதாரணம். பின்னாளில் வந்த டாடா 692 அதில் உட்கார்ந்திருந்தால் வருத்தப்படாதீர்கள்; ஆறு சிலிண்டர், 92 மில்லிமீட்டர் போர் என்பதுதான் அந்த எண்ணின் கணக்கு. 697 என்றால் 97. உதிரி கிடைப்பது இன்னும் சுலபம். அந்த மாற்றமும் வண்டியின் வரலாறுதானே! அசல் என்ஜின் தேடி ஊர் ஊராக அலைய வேண்டாம் என்பது என் கட்சி.

என்ஜின் ஓடிவிட்டது என்று ரோட்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள். பிரேக் வேலை முடியாமல் வண்டி கொட்டகையைத் தாண்டக் கூடாது. மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர், ஹோஸ், பூஸ்டர் எல்லாவற்றிலும் ரப்பர் மொத்தமும் புதுசாக வேண்டும். டிரம்மைத் திறக்கும்போது பழைய லைனிங் தூசியை ஊதாதீர்கள். அந்தக் கால லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். தண்ணீர் தெளித்து, ஈரத்துணியால் துடைத்து, துணியை மூடிக் கட்டிப் போடுங்கள். டீசல் டேங்க்கில் ஓட்டை இருந்தால், நன்றாகக் கழுவி ஆவி போக்காமல் வெல்டிங் வைக்கவே கூடாது.

வீல் விஷயத்தில் விளையாட்டே வேண்டாம். பழைய லாரி ரிம்மில் லாக் ரிங் தனியாக வரும். துருப்பிடித்த ரிங் காற்றடிக்கும்போது தெறித்தால் பக்கத்தில் இருப்பவர் உயிர் போகும். கழற்றுவதற்கு முன் காற்றை முழுக்க இறக்க வேண்டும். திரும்ப அடிக்கும்போது இரும்புக் கூண்டுக்குள் வைத்தோ, குறைந்தது கனமான சங்கிலி சுற்றியோ, தள்ளி நின்றுதான் அடிக்க வேண்டும். "நாங்க எத்தனை வருஷமா அடிக்கிறோம்" என்று சொல்கிற பஞ்சர் கடையை விட்டு அடுத்த கடைக்குப் போங்கள்.

கேபினுக்கு வருவோம். மாசிக்கும் ஆனிக்கும் நடுவில் அந்த வேலையை முடித்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்தால் ஈரம் உள்ளேயே தங்கி, அடுத்த வருடமே கொப்பளிக்கும். முதலில் இருக்கிற கோலத்தை நாலு பக்கமும் படமெடுங்கள். நெற்றிப் பலகையில் பெயர், கதவில் மில் விலாசம், பின்பலகையில் எழுத்து எல்லாம் நெருக்கத்தில் வேண்டும். எழுத்து மங்கலாக இருந்தாலும் பிழைக்கும் என்றால் அந்த இடத்தில் தேய்க்காமல் சுத்தம் செய்து, மேலே தெளிந்த வார்னிஷ் மட்டும் கொடுங்கள். போன எழுத்தைக் கையெழுத்துப் பெயின்டரிடம் கொடுத்து அதே அளவில் எழுதச் சொல்லுங்கள், ஸ்டிக்கர் ஒட்டிவிடாதீர்கள். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கும், ஆகவே தண்ணீர்த் தாள் போட்டே தேய்க்க வேண்டும். மரச்சட்டத்தில் உளுத்த துண்டை மட்டும் வெட்டி, அதே மரத்தில் ஒட்டுப்போடச் சொல்லுங்கள். சேஸ் மூலைகளில் தவிடு அடைந்திருக்கும். தவிட்டில் எண்ணெய் உண்டு. அது சிக்குப்பிடித்துப் போய் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். துரு முதலில் தொடங்குவது அங்கேதான். சுரண்டி எடுத்து ரெட் ஆக்சைடு அடித்தால் போதும்.

சித்தப்பாவுக்கு என்ன சொல்வது? தை மாதக் கூட்டத்தில் லோடுக்கு லாரி கிடைக்காமல் மூட்டைகள் அடுக்கிக் கிடப்பதைப் பார்த்துத்தான் அவர் சொல்கிறார், கணக்கு புரிகிறது. ஆனால் மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிக்குப் பெர்மிட் வேண்டும். தகுதிச் சான்று (எஃப்.சி.) வேண்டும், இன்சூரன்ஸ் வேண்டும். சொந்த நெல்தானே என்ற பேச்சு எடுபடாது. 15 வருடம் தாண்டிய கனரக வண்டிக்கு எஃப்.சி. கட்டணத்தை 2022 ஏப்ரலிலிருந்து பல மடங்கு ஏற்றிவிட்டார்கள். அத்தனையும் கட்டி, அறுபது வருட பிரேக்கை நம்பி, 40 கிலோ மூட்டை நூறை ஏற்றினால் நாலு டன். இந்த வண்டி அதைத் தாங்காது என்று சொல்லவில்லை, தாங்கும். ஆனால் வண்டியை மீட்பது ஒரு வேலை, வண்டியை வைத்துச் சம்பாதிப்பது வேறு வேலை.

சட்டத்தில் இன்னொரு குறை இருக்கிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு வின்டேஜ் வண்டிகளுக்குத் தனிப் பதிவு கொண்டுவந்தது. ஐம்பது வருடம் தாண்டிய, மூல உருவம் மாறாத வண்டிக்கு 'வி.ஏ.' எழுத்தோடு நம்பர் கிடைக்கும். ஆனால் அது இருசக்கர வண்டிக்கும் கார் வகைக்கும் மட்டும். லாரியை அதில் சேர்க்கவில்லை. ஜெர்மனியில் முப்பது வருடம் ஆன லாரிக்குக்கூட 'ஹெச்' நம்பர் தருகிறார்கள். உங்கள் வண்டியின் உடன்பிறப்புகள் அங்கே அந்த நம்பரோடு ஓடுகின்றன. இங்கே டெல்டா நெல்லைச் சுமந்த லாரிக்கு மரியாதை இல்லை, கல்யாண ஊர்வலம் போன காருக்கு உண்டு. இது மாற வேண்டும்.

அதுவரை ஆர்.சி.யை உயிரோடு வைத்திருங்கள். உரிமையாளர் இறந்தால் பெயர் மாற்றத்துக்குப் படிவம் 31; வாரிசுச் சான்றோடு ஆர்.டி.ஓ. அலுவலகம் போங்கள். பழைய கைப்புத்தகப் பதிவு கணினியில் ஏறியிருக்கிறதா, வரி பாக்கி எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இது முடியும்வரை வண்டி மில் வளாகத்துக்குள்ளேயே ஓடட்டும். கண்காட்சிக்கு அழைத்தால் டிரெய்லரில் ஏற்றி அனுப்புங்கள். ஹரியானாவின் தாவருவில் 2013-ல் திறந்த ஹெரிடேஜ் டிரான்ஸ்போர்ட் மியூசியத்தில் லாரிக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். நெல் சுமந்த லாரிக்கு அப்படி ஓர் இடம் தஞ்சாவூரில் இல்லை.

உதிரிக்குச் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடும் புதுப்பேட்டையும் போய்ப் பாருங்கள். போகும்போது பழைய சாமானைக் கையில் எடுத்துப் போங்கள். மாடல் பெயர் சொன்னால் கடைக்காரர் பையன் முழிப்பான். இது மில்லிமீட்டர் வண்டி. அசோக் லேலண்ட் காமெட், பெட்ஃபோர்டு, பெர்கின்ஸ் என்ஜின் போட்ட ஃபார்கோ என்றால் எல்லாம் அங்குலக் கணக்கு. ஆகவே மெக்கானிக் தப்பான ஸ்பேனரைப் போட்டு போல்ட் தலையை உருட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதைப் படிக்கும் மற்ற டெல்டாக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். 1969-க்கு முந்தைய லாரியின் ஆர்.சி. புத்தகமோ, கம்பெனி கொடுத்த கையேடோ, பாடி கட்டிய பட்டறையின் பெயர்த் தகடோ உங்கள் வீட்டுப் பரணில் இருந்தால் பழைய பேப்பர்க்காரரிடம் போடாமல் எங்களுக்கு எழுதுங்கள். அந்த வண்டிகளை ஓட்டிய டிரைவர்கள், கிளீனர்கள் யாராவது பக்கத்தில் இருந்தால் அவர்கள் சொல்வதையும் குறித்து அனுப்புங்கள்.