மின்சாரத் திட்டமிடல்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

நம்பிக்கை: மின்தேவை கூடினால் புதிய மின்நிலையம் கட்டுவது ஒன்றே வழி.

உண்மை: தமிழ்நாட்டின் உச்ச மின்தேவை 2024 மே மாதத்தில் 20,000 மெகாவாட்டைத் தாண்டியது. அந்த உச்சம் கோடையில் சில நாட்கள், அதிலும் சில மணி நேரம்தான் நிற்கும். அதற்கென்றே ஓர் அனல்மின் நிலையம் கட்டினால், மற்ற நாட்களில் அது சும்மா நின்றாலும் கடனுக்கு வட்டி கட்டியே ஆக வேண்டும். அந்தச் சுமை நம் கட்டணத்தில்தான் வந்து விடிகிறது.

மாற்று வழி நம் தலைக்கு மேலேயே சுற்றுகிறது. பழைய மின்விசிறி சுமார் 75 வாட் இழுக்கும். பிரஷ் இல்லாத மோட்டார் கொண்ட பிஎல்டிசி விசிறிக்கு 30 வாட் அளவு போதும். புழுக்கமான இரவில் ஒரு கோடி விசிறிகள் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். அத்தனையையும் மாற்றினால் 450 மெகாவாட் மிச்சம். கம்பிகளில் வழியில் வீணாவதையும் சேர்த்தால், மின்நிலையத்தில் மிச்சமாவது இன்னும் அதிகம். நிலக்கரி வாங்கும் கணக்கோடு இதையும் சேர்த்து எழுதுவதுதான் முறையான திட்டமிடல். எல்இடி பல்பில் நாடு இந்த மாற்றத்தைச் செய்து பார்த்துவிட்டது: 2015-இல் தொடங்கிய உஜாலா திட்டத்தில் மொத்தமாகக் கொள்முதல் செய்ததால் விலை மளமளவென்று சரிந்தது. விசிறிக்கும் அதே வேகம் வேண்டும்.

நம்பிக்கை: எப்போது சேமித்தாலும் ஒன்றுதான்.

உண்மை: வீட்டு பில்லுக்கு ஒன்றுதான், மின்வாரியத்துக்கு அப்படி இல்லை. நண்பகலில் சூரிய மின்சாரம் தாராளமாக வருகிறது. பொழுது சாய்ந்ததும் அது நின்றுபோக, வீடுகளில் விளக்கும் ஏசியும் ஒன்றாக இயங்கத் தொடங்கும். அப்போது சந்தையில் வாங்கும் மின்சாரம் விலை கூடியது. உயர் அழுத்த ஆலைகளுக்கு மாலை 6 முதல் 10 மணி வரை 25 விழுக்காடு கூடுதல் கட்டணம் வைத்திருப்பது இதற்காகத்தான். மோட்டார் போடுவதையும் வாஷிங் மெஷின் ஓட்டுவதையும் பகலுக்கு மாற்றுவது நம் கையில் இருக்கிறது.

நம்பிக்கை: மக்கள் சேமித்தால் விநியோக நிறுவனம் நொடித்துப்போகும்.

உண்மை: விற்பனையைக் கூட்டினால்தான் வருமானம் என்று விதி இருந்தால் இந்தப் பயம் நியாயமே. அந்த விதியை மாற்ற முடியும். கலிபோர்னியா 1978-இல் எரிவாயுவுக்கும் 1982-இல் மின்சாரத்துக்கும் மாற்றியது. மாற்றிய விதிப்படி, ஒழுங்குமுறை ஆணையம் அனுமதித்த வருமானத்துக்குமேல் வசூலானால் நுகர்வோருக்குத் திரும்பும். குறைந்தால் அடுத்த கட்டணத்தில் ஈடாகும். இங்கேயோ அடக்கவிலைக்கும் கீழே விற்கும் யூனிட்கள் ஏராளம். அவற்றில் ஒன்று மிச்சமானாலும், வாரியத்தின் நட்டமோ அரசின் மானியச் செலவோ குறையத்தான் செய்யும்.