சும்மா இருப்பதற்கும் செலவு உண்டு

கேள்வி: பெரும் பணக்காரர்கள் ஏன் நாலு பேர் கண்ணில் படும்படியே செலவு செய்கிறார்கள்? பொருளாதாரத்தில் இதற்கு விளக்கம் உண்டா?

பதில்: உண்டு. நார்வேயிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய விவசாயக் குடும்பத்துப் பிள்ளை தோர்ஸ்டீன் வெப்லன். சிகாகோ பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்த அவர், 1899-ல் இதற்கென்றே ஒரு புத்தகம் எழுதினார். பணம் பெட்டிக்குள் கிடந்தால் மரியாதை வராது, மற்றவர்கள் பார்க்க வேண்டும் என்பது அவர் கட்சி. அதற்கு வழி இரண்டு: பொருளை வீணாக்குவது, பொழுதை வீணாக்குவது.

கனவான் கையிலுள்ள கைத்தடியைப் பாருங்கள். தடி பிடித்த கைக்கு வேறு வேலை இல்லை என்று ஊருக்கே தெரிந்துவிடும். குனிய முடியாதபடி இடுப்பை இறுக்கிய மனைவி, சீருடையில் சும்மா நிற்கும் பணியாள், இவர்களெல்லாம் எஜமானருக்குப் பதிலாக ஓய்வெடுப்பவர்கள்! கையால் செய்த வெள்ளிக் கரண்டி பத்து இருபது டாலர், மெஷினில் செய்த அலுமினியக் கரண்டி பத்து இருபது சென்ட் என்று கணக்கும் போடுகிறார். சூப் குடிக்க இரண்டும் ஒன்றுதான்.

அன்றைய அமெரிக்காவில் உதாரணத்துக்குப் பஞ்சமில்லை. நியூபோர்ட் கடற்கரையில் வாண்டர்பில்ட் குடும்பம் 1895-ல் கட்டி முடித்த ‘பிரேக்கர்ஸ்’ மாளிகையில் 70 அறைகள். கோடையில் மட்டும் வந்து தங்குவதற்கு. அந்த வட்டாரத்தில் இப்படிப்பட்ட மாளிகைகளுக்குப் பெயர் ‘காட்டேஜ்’.

ஆதி சமூகங்களைப் பற்றி வெப்லன் சொன்ன பல விஷயங்கள் இன்று நிற்காது. நடையும் கரடுமுரடு. ஆனால் விலை ஏற ஏறக் கிராக்கியும் ஏறும் சரக்குக்கு இன்றும் அவர் பெயர்தான். படிக்க நினைத்தால், உடையைப் பற்றிய ஏழாவது அத்தியாயத்தில் தொடங்குங்கள்.