கொறங்காட்டுக்கு எந்தக் கதவு?

நம் சங்க அன்பர்கள் பலருக்கு ஊரில் கொஞ்சம் நிலம் இருக்கும். இங்கிருந்தபடியே அதற்கு ஏதாவது செய்து தர வேண்டும் என்ற ஆசையும் இருக்கும். அந்த ஆசையால் நான் செய்த பிழையைச் சொன்னால் சிலருக்காவது பயன்படலாம்.

டாலிகஞ்சுக்கு மெட்ரோ ரயில் வந்த 1986-ல் நாங்கள் இங்கே குடிவந்தோம். காங்கேயம் பக்கத்தில் தம்பி மாடு வளர்க்கிறான். எங்கள் பகுதிக் கொறங்காடு தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமுமாக, சுற்றிலும் கிளுவை உயிர்வேலி உள்ள மேய்ச்சல் நிலம் அது. மேய்ப்பவர் இல்லாமலே மாடுகள் உள்ளே கிடக்கும். ஆகவே காவல் முழுவதும் வேலியையும் வாசலையும் பொறுத்தது.

அப்பா காலத்தில் வாசலுக்கு முள்படல்தான். வங்காளக் கிராமத்தில் மூங்கிலால் கட்டும் ‘ஆகொட்’, யாழ்ப்பாணத்துப் படலை எல்லாம் அதற்கு உறவு. செலவில்லை, ஒரு கையால் நகர்த்தலாம். மாட்டு வண்டிக்கு அந்த அகலம் போதும். டிராக்டர் வந்ததும் போதவில்லை.

நான் இங்குள்ள வீட்டு வாசல்களைப் பார்த்து, 8 அடி அகலத்தில், மேலே ஈட்டிமுனையும் நெடுக்குக் கம்பியுமாக ஒரு கதவை வரைந்து பணத்தோடு அனுப்பினேன். “இது ஊட்டுக் கேட்டுங்ணா, காட்டுக் கேட்டில்லீங்ளே” என்றான் தம்பி. நான் கேட்கவில்லை. டிரெய்லர் நேராக வந்தால் நுழைந்தது. ஆனால் எங்கள் இட்டேரி 10 அடிதான். அதிலிருந்து திரும்பும்போது பின்சக்கரம் உள்வளைவில் வந்து தூணை இடித்தது. தூண் சாய்ந்தது, கொண்டி பொருந்தவில்லை. ஒரு ராத்திரி செனை மாடு வெளியே போய், மழையில்லாமல் வாடிக் கிடந்த இளஞ்சோளத்தை மேய்ந்துவிட்டது. வாடிய இளஞ்சோளத்தில் சயனைடு நஞ்சு இருக்கும். விடிவதற்குள் மாடு செத்துவிட்டது. தம்பி என்னிடம் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

அடுத்த முறை ஊருக்குப் போய், கதவு வாங்குவதற்கு முன் இரண்டு குச்சிகளை நட்டு, டிரெய்லரோடு டிராக்டரைத் திருப்பச் சொன்னோம். சக்கரத் தடம் பார்த்துக் குச்சியைத் தள்ளித் தள்ளி நட்டதில் 12 அடி வந்தது. நெல் வயல்காரர்கள் இன்னும் யோசிக்க வேண்டும். பெரிய சக்கர அறுவடை இயந்திரத்தின் வெட்டும் பகுதியே 14 அடி அளவில் இருக்கும். வாசலையும் பாதையிலிருந்து உள்ளே தள்ளி வைத்தோம். இறங்கிக் கதவைத் திறக்கும்வரை வண்டி பாதையை அடைக்காது.

12 அடியை ஒரே கதவாகப் போடலாமா? கணக்குப் பாருங்கள். எடை 90 கிலோ, கீல்களுக்கு இடையே 3 அடி என்றால், எடை நடுவில், அதாவது 6 அடி தள்ளி நிற்கிறது. மேல் கீலை இழுக்கும் விசை 90 × 6 ÷ 3 = 180 கிலோ. 6 அடியாக இரண்டு கதவு போட்டால் ஒவ்வொன்றும் 45 கிலோ; இழுப்பு 45 × 3 ÷ 3 = 45 கிலோ. கால் பங்கு! இரட்டைக் கதவுதான் போட்டோம். குறுக்குத் தாங்கல், கீழ்க் கீல் மூலையிலிருந்து எதிர்ப்புற மேல் மூலைக்குப் போகும். அப்போதுதான் தொங்கும் முனையைத் தாங்கும்.

தூண் 8 அடிக் கல், 3 அடி மண்ணுக்குள். கான்கிரீட் போட்டு ஒரு வாரம் கழித்தே கதவை மாட்டினோம். நெடுக்குக் கம்பிக்குப் பதில் படுக்கைக் குழாய்கள். ஆட்டுக்குட்டி நுழையாதபடி கீழே நெருக்கம், மேலே அகலம். கதவு உள்பக்கம் திறக்கும், மாடு முட்டினாலும் தடுப்பில் போய் அழுந்தும். மேல் கீலின் முளை கீழ்நோக்கி இருப்பதால் யாரும் கதவைத் தூக்கிக் கழற்ற முடியாது. கொண்டியை மாடு கொம்பால் தூக்கிவிடும் என்று தம்பி சங்கிலியும் கொக்கியும் போட்டுவிட்டான்.

வாசலை அகலமாக்க அப்பா நட்ட கிளுவையில் 4 அடி வெட்ட வேண்டியிருந்தது. எனக்கு மனமில்லை. தம்பி அந்தப் போத்துகளையே, உள்ளே தள்ளிய வாசலின் இரு புறமும் மழைக்கு முன் நட்டான். எட்டு மட்டும் காய்ந்துவிட்டனவாம். மற்றவை துளிர்த்திருப்பதாகப் போன வாரம் போனில் சொன்னான்.